வானொலியிலிருந்து அமைச்சரவைக்கு: எஸ். ராஜரத்தினம்

பீலில் இப்போது மாலை ஏழு மணி. கனடாவில் மத்தியானச் சாப்பாட்டு நேரம். சிங்கப்பூரில் இரவு ஒரு மணி ஆகியிருக்கும். அங்கிருந்து கண்விழித்துக் கேட்டுக்கொண்டிருக்கிறவர்களுக்கு முதல் நன்றி. நான் இன்று கதைக்கப்போவது உங்கள் ஊர்க்காரர் ஒருவரைப் பற்றி. ஒரு வகையில் அவர் எங்கள் ஊர்க்காரரும்தான்.

ஒருங்கிணைப்பாளர் என்னிடம் கேட்டது வேறு தலைப்பு. நேபாளத்தில் தொலைக்காட்சியிலிருந்து அரசியலுக்கு வந்த ரபி லாமிச்சானே பற்றிச் சொல்லுங்கள் என்றார். என்னோடு வேலை செய்கிற நேபாளத் தாதி ஒருத்தி, தேநீர் இடைவேளையில் கைப்பேசியில் அவருடைய நிகழ்ச்சியைப் பார்த்துக்கொண்டே இருப்பாள் என்று முன்பு ஒருமுறை சொல்லியிருந்தேன். அதை அவர் மறக்கவில்லை. அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

லாமிச்சானே 2013-இல் 62 மணி நேரத்துக்கு மேல் விடாமல் நேர்காணல் நடத்திக் கின்னஸ் பதிவு பெற்றவர். பிறகு அவர் நடத்திய நிகழ்ச்சியின் பெயரைத் தமிழில் சொன்னால் 'மக்களோடு நேர்ப் பேச்சு'. வளைகுடா நாடுகளில் வேலைக்குப் போய் மாட்டிக்கொண்டவர்கள், ஏஜென்சியிடம் பணத்தைக் கொடுத்து ஏமாந்தவர்கள் எல்லாரும் அவரைத் தேடி வந்தார்கள். அவர் கமெராவுக்கு முன்னால் அதிகாரிகளைக் கேள்வி கேட்டார். சில வேலைகள் நடந்தன. சனம் அவரை நம்பியது. 2022 நடுப்பகுதியில் ராஷ்ட்ரிய ஸ்வதந்திர கட்சியைத் தொடங்கினார். அந்த ஆண்டு நவம்பர் தேர்தலில் 20 இடங்கள் கிடைத்தன. டிசம்பர் முடிவதற்குள் துணைப் பிரதமர், உள்துறை அமைச்சர். கட்சி தொடங்கி ஆறு மாதம்தான்.

அடுத்த மாதமே, 2023 ஜனவரியில், அவருடைய குடியுரிமை ஒழுங்காக இல்லை என்று உச்ச நீதிமன்றம் சொல்ல, பதவி போனது. அமெரிக்கக் குடியுரிமையை விட்டவர் நேபாளக் குடியுரிமையை முறைப்படி திரும்ப எடுக்கவில்லை என்பது விஷயம். ஏப்ரலில் இடைத்தேர்தலில் வென்று திரும்பி வந்தார். 2024-இல் மறுபடி உள்துறை. அதே ஆண்டு ஒக்டோபரில், கூட்டுறவுச் சங்கப் பணம் தொடர்பான வழக்கில் கைது. இந்த ஏற்ற இறக்கம் எதுவும் எனக்கு முக்கியமாகப் படவில்லை. எனக்கு உறுத்துவது 2023 பெப்ரவரியில் அவர் கூட்டிய ஒரு செய்தியாளர் சந்திப்பு. பதவியை இழந்த கையோடு, நாட்டின் பெரிய ஊடக உரிமையாளர்களைப் பேர் சொல்லித் தாக்கினார். நேற்றுவரை கேள்வி கேட்டவர், தன்னிடம் கேள்வி வந்ததும் கேட்டவர்களின் மேல் பாய்ந்தார். என் தோழி அன்று கைப்பேசியை மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டு, "இதற்கா இவ்வளவு நாள் பார்த்தேன்?" என்றாள்.

இது நேபாளத்துக்கு மட்டுமான கதையில்லை. சுவிஸ் தொலைக்காட்சியில் 'அரீனா' விவாதத்தை நடத்திய பிலிப்போ லொய்டெனெக்கர் 2003-இல் பாராளுமன்றம் போனார். எங்கள் பேர்ண் மாநிலத்தின் மத்தியாஸ் ஏபிஷரும் தொலைக்காட்சியில் இருந்தவர்தான், 2011-இல் போனார். எங்கள் ஆட்களிலும் உண்டு. சக்தி தொலைக்காட்சியில் 'மின்னல்' நடத்திய ஸ்ரீரங்கா 2010-இல் நுவரெலியா மாவட்டத்திலிருந்து பாராளுமன்றத்துக்குத் தெரிவானார். தமிழ்நாட்டில் 'நேருக்கு நேர்' நடத்திய ரபி பெர்னார்ட் அ.தி.மு.க. சார்பில் மாநிலங்களவைக்குப் போனார். மற்றவரை நேருக்கு நேர் உட்காரவைத்துக் கேட்பது ஒரு கலை. பதில் சொல்வது முற்றிலும் வேறு வேலை. முதலாவதில் கெட்டிக்காரர் என்பதால் இரண்டாவதையும் செய்துவிடுவார் என்று ஏன் நம்புகிறோம் என்று யோசித்துக்கொண்டிருந்தபோதுதான் ராஜரத்தினம் ஞாபகத்துக்கு வந்தார். அவர் இவர்கள் எல்லாரையும்விடப் பெரியவர். அதனால் அவரில் இந்தக் கேள்வியும் பெரிதாகிறது.

சின்னத்தம்பி ராஜரத்தினம் 1915 பெப்ரவரி 25-இல் யாழ்ப்பாணம் வட்டுக்கோட்டையில் பிறந்தார். வட்டுக்கோட்டை என்றால் உங்களில் பாதிப்பேருக்கு 1976 தீர்மானம் ஞாபகம் வரும். என்னைப் போலச் சபைக்குப் போய் வளர்ந்தவர்களுக்கு 1823-இல் அமெரிக்க மிஷனரிகள் தொடங்கிய பட்டிக்கோட்டா செமினரி ஞாபகம் வரும். சி. வை. தாமோதரம்பிள்ளை படித்த இடம். அங்கே படித்தவர்கள்தான் 1841-இல் 'உதயதாரகை' பத்திரிகையை நடத்தினார்கள். ஆக, பத்திரிகைக்காரர் பிறக்கப் பொருத்தமான மண். ஆனால் அந்த மண் அவரை வளர்க்கவில்லை. கைக்குழந்தையாக மலாயாவுக்குப் போனார். தகப்பனுக்கு இறப்பர்த் தோட்டத்தில் வேலை. வளர்ந்தது சிரம்பானில், படித்தது சிங்கப்பூர் ராஃபிள்ஸ் கல்லூரிக்கூடத்தில். 1930-களின் பின்பாதியில் சட்டம் படிக்க லண்டன் போனார். யுத்தம் வந்தது, வீட்டிலிருந்து காசு வருவது நின்றது, படிப்பு முடியவில்லை. பிழைப்புக்காக எழுதத் தொடங்கினார்.

ஆங்கிலத்தில்தான் எழுதினார். சிறுகதைகள் எண்ணிக்கையில் குறைவு. அதில் 'புலி' என்று ஒன்று. நிறைமாதக் கர்ப்பிணி ஒருத்தி ஆற்றில் குளித்துக்கொண்டிருக்கிறாள். கரையில் ஒரு புலி. இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொள்கின்றன. புலி ஒன்றும் செய்யவில்லை. அவள் தப்பி வந்து ஊரில் சொல்ல, ஆண்கள் துவக்குகளோடு புறப்படுகிறார்கள். அவளுக்கு அந்தப் புலி சாகக் கூடாது என்று இருக்கிறது. ஏனென்று அவளால் யாருக்கும் விளங்கப்படுத்த முடியவில்லை. வெடிச் சத்தம் கேட்கிறது. செத்தது பெண் புலி, சற்றுமுன்தான் குட்டி போட்டிருக்கிறது என்று தெரியவரும்போது இவளுக்குப் பிரசவ வலி தொடங்குகிறது. பிரசவ விடுதியில் வேலை செய்த எனக்கு இந்தக் கதையின் மேல் தனிப் பிரியம். ஆபத்து என்று எல்லாரும் சொல்கிற ஒன்றின் கண்களை அவள் ஒருத்திதான் கிட்டப் பார்த்தாள். எழுதியவருக்கு அப்போது இருபத்தைந்து சொச்ச வயது, அவ்வளவுதான். இந்தக் கதையைக் கொஞ்சம் மனதில் வைத்திருங்கள்.

அந்த எழுத்து ஜோர்ஜ் ஓர்வெலின் கண்ணில் பட்டது. ஓர்வெல் அப்போது பிபிசியின் கீழைத்தேயச் சேவையில் இந்தியப் பகுதியில் இருந்தார். ராஜரத்தினத்தை அழைத்து வானொலிப் பிரதிகள் எழுதவைத்தார். ஒலிபரப்பு அவர் வாழ்க்கைக்குள் இப்படி வந்தது. லண்டனில் பிரோஷ்கா என்ற ஹங்கேரியப் பெண்ணைக் கலியாணம் செய்தார். 1940-களின் கடைசியில் சிங்கப்பூர் திரும்பி 'மலாயன் ட்ரிபியூன்', பிறகு 'சிங்கப்பூர் ஸ்டாண்டர்ட்', 1954-இலிருந்து 'ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ்'. ஸ்டாண்டர்டில் அவர் எழுதிய பத்தியின் பெயர் 'எனக்குப் பிடித்தபடி எழுதுகிறேன்'. அந்தப் பத்திக்காகவே காலனி அதிகாரிகள் கூப்பிட்டு விசாரித்தார்கள். பெயருக்கேற்ற எழுத்து.

1954 நவம்பரில் மக்கள் செயல் கட்சி தொடங்கியபோது தொடங்கியவர்களில் ஒருவராக இருந்தார். ஆனாலும் ஐந்து வருடம் பத்திரிகை வேலையை விடவில்லை. அந்த ஐந்து வருடத்துக்குள் 1957-இல் அவர் செய்ததுதான் இன்றைய பேச்சின் நடுப்புள்ளி. ரேடியோ மலாயாவுக்காக ஆறு பகுதி நாடகத் தொடர் எழுதினார். 'உருவாகிவரும் ஒரு தேசம்' என்று பெயரைத் தமிழாக்கலாம். மலாய்க்காரர், சீனர், இந்தியர், அவரவர் மொழி, அவரவர் கோயில், பள்ளிவாசல், தேவாலயம். இவ்வளவையும் வைத்துக்கொண்டு ஒரு தேசம் ஆக முடியுமா என்பதுதான் கேள்வி. கதை, திருப்பம், கண்ணீர் என்று பெரிதாக ஒன்றுமில்லை. ஆட்கள் வாதாடுகிறார்கள். ஒருவர் முடியும் என்கிறார், இன்னொருவர் நடக்காது என்கிறார்.

காலத்தைக் கவனியுங்கள். 1956 ஜூனில் இலங்கைப் பாராளுமன்றம் சிங்களம் மட்டும் சட்டத்தை நிறைவேற்றியது. அடுத்த வருடம், அந்தத் தீவின் வடக்கில் பிறந்த ஒருவர், வேறொரு தீவிலிருந்து, ஒரு நாட்டில் பல மொழிகள் எப்படி இருக்கலாம் என்று வானொலியில் ஆட்களை வாதாடவிடுகிறார். அந்த நாடகங்களின் பலமாக நான் நினைப்பது ஒன்றுதான். நம்பிக்கை இல்லாதவனுக்கும் அவர் நல்ல வசனம் கொடுத்திருக்கிறார். நாடகம் எழுதுகிற எல்லாருக்கும் தெரியும், தான் ஏற்காத ஆளுக்கு நல்ல வசனம் எழுதுவது எவ்வளவு கஷ்டம் என்று. பிரசாரத்துக்கும் இலக்கியத்துக்கும் உள்ள தூரம் அங்கேதான் இருக்கிறது.

பீலில் இருந்து படிக்கும்போது எனக்கு இது ஏட்டு விஷயமாகப் படவில்லை. இந்த நகரத்தில் தெருப் பலகை எல்லாம் ஜெர்மனிலும் பிரெஞ்சிலும் இருக்கும். ஊருக்கே இரண்டு பெயர், பீல், பியென். கனால் 3 வானொலி இரண்டு மொழியிலும் ஒலிபரப்புகிறது. வைத்தியசாலையில் ஒரு தாதி ஜெர்மனில் கேட்பாள், மற்றவள் பிரெஞ்சில் பதில் சொல்வாள், வேலை நடக்கும். நான் இரண்டையும் யாழ்ப்பாணத்து உச்சரிப்பில் சொல்வேன், அதுவும் நடக்கும். இது சும்மா வந்ததில்லை. யார் எந்தப் பதவியில், எந்த மொழிக்கு எத்தனை வகுப்பு என்று இன்றைக்கும் கூட்டத்துக்குக் கூட்டம் சண்டை பிடித்துத்தான் இது நிற்கிறது. சண்டை பிடிக்க இடம் இருக்கிறது என்பதுதான் முக்கியம்.

1959 தேர்தலில் ராஜரத்தினம் பத்திரிகை வேலையை விட்டு கம்போங் கிளாமில் நின்றார். மலாய்ச் சுல்தானின் அரண்மனை இருந்த வட்டாரம். யாழ்ப்பாணத்தில் பிறந்தவர் அங்கே நின்று வென்றார், 1988 வரை அந்தத் தொகுதியை விடவில்லை. தமிழ் வாக்கை நம்பி அவர் நிற்கவில்லை. இந்த இடத்தில் 'தமிழ் முரசு' கோ. சாரங்கபாணியை நினைக்காமல் இருக்க முடியாது. திருவாரூரிலிருந்து போனவர், 1935-இல் பத்திரிகையைத் தொடங்கியவர், தமிழர் திருநாள் நடத்தியவர், மலாயாப் பல்கலைக்கழகத்தில் தமிழ் வேண்டும் என்று சனத்திடம் காசு சேர்த்தவர். அவர் கடைசிவரை பத்திரிகைக்காரர். எங்களுக்குச் சாரங்கபாணியைக் கொண்டாடுவது சுலபம், ராஜரத்தினத்தை எங்கே வைப்பதென்று தெரியாது. ஆனால் சிங்கப்பூரில் தமிழுக்கு ஆட்சிமொழித் தகுதி இருப்பதில் இரண்டு பேரின் வேலையும் இருக்கிறது. ஒருவர் தமிழனாகக் கேட்டார். மற்றவர் கேட்கப்பட்டால் கொடுக்கக்கூடிய ஒரு நாட்டைக் கற்பனை செய்தார்.

புதிய அரசில் அவருக்குக் கிடைத்தது கலாசார அமைச்சு. வானொலி அந்த அமைச்சின் கீழ் வந்தது. இதைக் கொஞ்சம் நின்று யோசியுங்கள். இரண்டு வருடத்துக்கு முன் வானொலி நிலையத்துக்குப் பிரதியோடு போன எழுத்தாளர், இப்போது வானொலி நிலையத்துக்கே பொறுப்பு. ஆரம்பம் அழகாகத்தான் இருந்தது. 1959 ஓகஸ்டில் தாவரவியல் பூங்காவில் திறந்தவெளி மேடை போட்டு மலாய், சீன, இந்திய ஆட்டம் பாட்டு எல்லாவற்றையும் ஒரே மாலையில் நடத்தினார்கள். நாடகத்தில் வாதாடியவர்களைப் பூங்காவில் பக்கத்தில் பக்கத்தில் உட்காரவைத்ததுபோல.

1963 பெப்ரவரி 15. சிங்கப்பூரில் முதல் தொலைக்காட்சிச் சேவை. தொடக்கி வைத்தவர் கலாசார அமைச்சர் ராஜரத்தினம். நான்கு மொழி நிகழ்ச்சிகள். படங்களைப் பார்த்தால் கண்ணாடிக்குப் பின்னால் ஒரு எழுத்தாளரின் சந்தோஷம் தெரியும்.

அதற்கு 13 நாள் முன்னால், பெப்ரவரி 2 விடியற்காலை, 'ஒப்பரேஷன் கோல்ட்ஸ்டோர்' என்ற பெயரில் நூற்றுக்கு மேற்பட்டவர்களை விசாரணையின்றிப் பிடித்து அடைத்தார்கள். அதில் ஒருவர் சையத் ஸஹாரி. 'உத்துசான் மெலாயு' பத்திரிகையின் ஆசிரியராக இருந்தவர், 1961-இல் பத்திரிகைச் சுதந்திரத்துக்காக வேலைநிறுத்தம் நடத்தியவர், கவிஞர். அன்று உள்ளே போனவர் வெளியே வந்தது 1979-இல். குற்றச்சாட்டும் இல்லை, வழக்கும் இல்லை, பதினேழு வருடம்.

நியாயமாகச் சொல்லவேண்டும். அந்தக் கைதுகளை முடிவு செய்தது பிரித்தானிய, மலாய, சிங்கப்பூர்ப் பிரதிநிதிகள் இருந்த உள்நாட்டுப் பாதுகாப்புக் குழு. ராஜரத்தினம் பொலிஸ் அமைச்சர் இல்லை. பக்கத்தில் கம்யூனிசக் கிளர்ச்சி, இந்தோனேசியாவின் மிரட்டல், அடுத்த வருடம் ஜூலையில் இனக்கலவரம். பயம் பொய்யில்லை. ஆனால் அவர் அந்த அரசின் அமைச்சர், அந்த அரசின் குரல். 1971-இல் 'நன்யாங் சியாங் பாவ்' பத்திரிகையின் பொறுப்பாளர்களை அடைத்தார்கள், 'சிங்கப்பூர் ஹெரால்ட்' அனுமதி பறிபோனது. 1974-இல் வந்த சட்டம் பத்திரிகை நிறுவனங்களின் நிர்வாகப் பங்குகளைக்கூட அரசின் ஒப்புதலுக்குள் கொண்டுவந்தது. இதெல்லாம் அவர் அமைச்சரவையில் இருக்கும்போது. 'எனக்குப் பிடித்தபடி எழுதுகிறேன்' என்று 1974-இல் ஒருவர் பத்தி தொடங்கியிருந்தால் எத்தனை வாரம் ஓடியிருக்கும்?

அவரைக் கொண்டாடுகிறவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். திட்டுகிறவர்கள் இதை மட்டும் சொல்கிறார்கள். எனக்கு இரண்டும் போதவில்லை. ஏனென்றால் அதே மனிதர்தான் 1966-இல் சிங்கப்பூர்ப் பிள்ளைகள் இன்றும் காலையில் சொல்கிற தேசிய உறுதிமொழியை முதலில் எழுதினார். இனத்தையும் மொழியையும் மதத்தையும் பார்க்காமல் ஒரே மக்களாக இருப்போம் என்பது அதன் சாரம். பிரதமர் லீ குவான் யூ திருத்தினார், ஆனால் கரு இவருடையது. அது 1957 வானொலித் தொடரின் சுருக்கம் என்று நான் நினைக்கிறேன். ஒரு வித்தியாசம் மட்டும் உண்டு. நாடகத்தில் 'நடக்காது' என்று சொல்ல ஒருவர் இருந்தார். உறுதிமொழியை எல்லாரும் ஒரே குரலில் சொல்லவேண்டும்.

1965 முதல் 1980 வரை வெளிவிவகார அமைச்சர். 1967 ஓகஸ்ட் 8-இல் பாங்கொக்கில் ஆசியான் அமைப்பில் சிங்கப்பூருக்காகக் கையெழுத்திட்டவர். பிறகு துணைப் பிரதமர், மூத்த அமைச்சர். 1988-இல் ஓய்வு. இந்தப் பகுதியை நீங்கள் எங்கும் படிக்கலாம்.

வட்டுக்கோட்டைக்கு ஒரு நிமிடம் திரும்புகிறேன். 1976 மே மாதம் அங்கே தனிநாட்டுத் தீர்மானம் நிறைவேறியபோது, அந்த ஊரில் பிறந்த இவர் ஒரு சின்னத் தீவின் வெளிவிவகார அமைச்சர். சேர்ந்திருக்க எல்லாம் செய்து பார்த்து முடியாமல் போனவர்களின் வார்த்தை அந்தத் தீர்மானம் என்பதை இங்கே யாருக்கும் விளக்கவேண்டியதில்லை. ராஜரத்தினம் சொன்னது சரி, எங்கள் ஆட்கள் சொன்னது பிழை என்று ஒப்பிட்டுப் பேசுகிற கட்டுரைகள் வந்தால் எனக்குக் கோபம் வரும். அவரிடம் அரசு இருந்தது. எங்களிடம் இருந்தது கோரிக்கை மட்டும். ஆனால் எங்கள் பக்கத்திலும் 'நடக்காது' என்று சொன்னவனுக்கு என்ன ஆனது, எழுதியவர்களுக்கு என்ன ஆனது என்று உங்களுக்குத் தெரியும். அதையும் வைத்துக்கொண்டுதான் நான் சையத் ஸஹாரியைப் பற்றிச் சொல்கிறேன். அவர் சிங்கப்பூர்ப் பிரச்சினை மட்டும் இல்லை.

கடைசிக் காலம் பற்றி ஒரு தாதியாகச் சொல்லவேண்டியது ஒன்று இருக்கிறது. மனைவி பிரோஷ்கா 1989-இல் இறந்தார். பிள்ளைகள் இல்லை. 1994-இல் இவருக்கு மறதிநோய் என்று கண்டறிந்தார்கள். 2001 அளவில் பேச்சும் நடமாட்டமும் நின்றுவிட்டன. வீட்டுப் பணிப்பெண்கள்தான் பார்த்துக்கொண்டார்கள். 2006 பெப்ரவரி 22-இல், 91 வயது நிறைய மூன்று நாள் இருக்க, இறந்தார். இந்த நோயில் பின்னால் படித்த மொழிதான் பெரும்பாலும் முதலில் கழன்று போகும். ஐம்பது வருடம் ஜெர்மனில் கதைத்த கிழவி ஒருநாள் பிரெஞ்சில் மட்டும் தண்ணீர் கேட்பாள். இப்போது எங்கள் முதல் தலைமுறைக்கும் அந்த வயது வந்துவிட்டது. தமிழ் தெரிந்த தாதியைத் தேடி வார்டு வார்டாகத் தொலைபேசி வருகிறது. பேச்சு போனபிறகும் கேட்கிற காது பலருக்கு நெடுநாள் இருக்கும். அதனால் எங்கள் பயிற்சியில் சொல்லித்தருவார்கள்: பதில் வராவிட்டாலும் கதைத்துக்கொண்டே செய், என்ன செய்யப்போகிறாய் என்று சொல்லிவிட்டுச் செய். சொல்லால் வாழ்ந்த ஒருவரின் அந்த ஐந்து வருடத்தைப் படித்தபோது, அவர் எடுத்த அரசியல் முடிவுகளை விட்டுவிட்டு, அந்தக் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றவர்களைத்தான் யோசித்தேன்.

சரி, கேள்வி நேரத்துக்கு விடவேண்டும். அவருடைய சிறுகதைகளும் அந்த ஆறு வானொலி நாடகங்களும் சேர்ந்து 2011-இல் ஐரீன் இங் தொகுத்த ஒரே புத்தகமாக வந்திருக்கின்றன. 'புலி'யை யாராவது தமிழில் செய்யுங்கள் என்று கேட்கப் போவதில்லை, அதை நானே இரவுப் பணிகளுக்கு நடுவில் செய்துகொண்டிருக்கிறேன். ஆனால் நாடகங்கள் தனியாளாகச் செய்யக்கூடிய வேலையில்லை. அவற்றைச் சத்தமாக வாசித்துக் கேட்கவேண்டும். இந்தக் குழுவில் ரொறொன்ரோ, பாரிஸ், சிங்கப்பூர், ஒஸ்லோ என்று குரல்கள் இருக்கின்றன. மாதம் ஒரு பகுதி என்று எடுத்து, பாத்திரத்துக்கு ஒருவராக இங்கேயே வாசித்துப் பார்க்கலாம். 'நடக்காது' என்கிற ஆளை யார் எடுக்கிறீர்கள் என்று மட்டும் முதலில் சொல்லுங்கள். அந்த வசனங்களைத்தான் மிகக் கவனமாகத் தமிழாக்கவேண்டும். ஒருவரும் முன்வராவிட்டால் நான் எடுக்கிறேன்.

முதல் கேள்வி சிங்கப்பூரிலிருந்து வரட்டும், அவர்களுக்குத்தான் நித்திரைக்கு நேரமாகிவிட்டது.